ஒரே இலையில் யூபிசானும் கேகவ்வும்

புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு நெல்லைத் தம்பி என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான். "அக்கா, பில்ட் சுத்தமா முடிஞ்சிட்டு. ஒரு வார்னிங் கிடையாது."

பில்ட் என்றால் எழுதிய கோட்டை ஓடக்கூடிய நிரலாகக் கட்டுவது. முந்தின நாள் சாயங்காலம் வரை முதல் கோப்பிலேயே முட்டிக்கொண்டு நின்ற பில்ட் அது. ஒரே ராத்திரியில் சுத்தமாகிவிட்டது என்றால் சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம்தான் வருகிறது. இருபது வருடமாக லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலோடு மல்லுக்கட்டி வந்த புத்தி அது.

"என்னடா செஞ்ச?"

"மேக்ஃபைல்ல ஒரு வரி சேத்தேன்க்கா."

மேக்ஃபைல் என்பது எதை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லும் கோப்பு. அதில் சேர்த்த அந்த ஒரு வரியிலிருந்துதான் இந்தக் கதை. நாலு நாள் பிடித்தது. திரும்ப எப்போதாவது இதே இடத்தில் மாட்டினால் எனக்கே உதவட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

எங்கள் அலுவலகம் பெங்களூரு தொம்மலூரில். தொழிற்சாலை மீட்டர்களிலிருந்து தகவல் சேகரிக்கும் ஒரு சின்னப் பெட்டி செய்கிறோம். உள்ளே எக்ஸ்86 செயலி, 5.4 கெர்னல், அதன் மேல், மீட்டர்களோடு பேச நாங்களே எழுதிய ஒரு டிரைவர். 5.4 பழையதுதான். 2019 நவம்பரில் வந்தது, நீண்டகால ஆதரவு உண்டு என்ற நம்பிக்கையில் அப்போது எடுத்தோம். இப்போது வாடிக்கையாளர் ஒருவர் அந்த டிரைவரை ஃபஸ் செய்து சோதித்துக் காட்டச் சொல்லிவிட்டார். அதாவது கண்டபடி சிஸ்டம் கால்களை (நிரல்கள் கெர்னலிடம் வைக்கும் கோரிக்கைகளை) அனுப்பி, எங்கே உடைகிறது என்று பார்ப்பது. அதற்கு சிஸ்காலர் என்ற கருவி இருக்கிறது. கெர்னலைச் சரியாகக் கட்டிக் கொடுத்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

சரியாகக் கட்டுவது என்றால் மூன்று விஷயங்களை ஏற்றிக் கட்ட வேண்டும். கேசான் 2015-இல் 4.0 கெர்னலோடு வந்தது. நினைவகத்தின் ஒவ்வொரு எட்டு பைட்டுக்கும் ஒரு நிழல் பைட் வைத்துக்கொண்டு, தொடக்கூடாத இடத்தை யாராவது தொட்டால் கையைப் பிடிக்கும். யூபிசான் 2016-இல் 4.5-உடன் வந்தது. ஷிஃப்ட் அளவு மீறுவது, அரேயின் (அடுத்தடுத்து அடுக்கிய மதிப்புகளின்) எல்லையைத் தாண்டுவது என்று சி மொழி 'என்ன வேண்டுமானாலும் ஆகலாம்' எனக் கைகழுவிவிட்ட இடங்களைக் கண்காணிப்பது அதன் வேலை. கேகவ் அதே வருடம் 4.6-இல் வந்தது. அது எந்தப் பிழையையும் பிடிக்காது. கோட் எந்தெந்தக் கிளை வழியாகப் போனது என்று குறித்துவைக்கும், அவ்வளவுதான். ஆனால் சிஸ்காலருக்கு அதுதான் கண். புதிய பாதை திறந்ததா இல்லையா என்று கேகவ் சொல்வதை வைத்துத்தான் அது அடுத்த அடியை எடுத்துவைக்கும். கண்ணில்லாத ஃபஸ்ஸர் இருட்டில் கல்லெறிகிற மாதிரி.

இந்த மூன்றுமே, சி கோட்டை எந்திரக் கட்டளையாக மாற்றும் கம்பைலரை நம்பித்தான் இருக்கின்றன. கம்பைல் செய்யும்போதே ஒவ்வொரு செயற்கூற்றுக்குள்ளும் கூடுதல் அழைப்புகளைச் செருகுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் கம்பைலர் கட்டளையில் தனித்தனி ஃப்ளாக், அதாவது விருப்பக் குறி.

தம்பி மூன்றையும் ஒரே கான்ஃபிக்கில் (கெர்னலில் எதெது சேர வேண்டும் என்ற பட்டியலில்) ஏற்றி, எங்கள் பில்ட் கன்டெய்னரில் (தனியாக அடைத்துவைத்த பில்ட் சூழலில்) ஓடவிட்டிருக்கிறான். கன்டெய்னர் உபுண்டு 20.04, அதனால் கம்பைலர் கிளாங் 10. வந்த பிழை இது: 'கிளாங்: எரர்: ஆர்க்யுமென்ட் அன்யூஸ்ட் டியூரிங் கம்பைலேஷன்: எஃப்-சானிடைஸ்-கவரேஜ்=ட்ரேஸ்-பிசி'. கேகவ்வுக்காக நீ கொடுத்த கவரேஜ் ஃப்ளாக்கை நான் பயன்படுத்தவே இல்லை என்கிறது கிளாங். நியாயப்படி இது வெறும் வார்னிங். ஆனால் எங்கள் கெர்னல் மரத்தில் (மூலக் கோட்டின் எங்கள் பிரதியில்) பயன்படாத ஃப்ளாக் எல்லாம் எரராக நிற்கும்படி யாரோ ஒருவர் முன்பு மாற்றி வைத்திருந்தார். அசல் 5.4-இல் இதற்கு நேர்மாறு. கிளாங்கில் கட்டினால் 'கியூ-அன்யூஸ்ட்-ஆர்க்யுமென்ட்ஸ்' என்ற ஃப்ளாக் தானாகச் சேரும், பயன்படாத ஃப்ளாக்குகளைப் பற்றி கிளாங் வாயே திறக்காது. எங்கள் ஆள் அதைத் தூக்கிவிட்டிருந்தார். அந்த மாற்றத்தைப் பதிவுசெய்த கமிட்டைத் தேடிப் பார்த்தேன், காரணம் ஒரு வரிகூட இல்லை. அன்றைக்கு அவரைத் திட்டினேன். வெள்ளிக்கிழமைக்குள் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டேன், அது வேறு கதை.

தம்பி சேர்த்த ஒரு வரி அந்த 'கியூ-அன்யூஸ்ட்-ஆர்க்யுமென்ட்ஸ்' ஃப்ளாக்தான். இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் மருந்து. வார்னிங் போய்விட்டது, உண்மைதான். கிளாங் சொல்ல வந்ததைச் சொல்லவிடாமல் வாயைப் பொத்திவிட்டால் போகத்தானே செய்யும்.

"சரி, கேகவ் வேலை செய்யுதான்னு பாத்தியா?"

"டீபக்எஃப்எஸ்ல கேகவ் கோப்பு இருக்குதுக்கா. பாத்தேன்."

கோப்பு இருக்கும். டீபக்எஃப்எஸ் என்பது கெர்னல் தன் உள்விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் இடம். கேகவ்வின் தன் கோட் கெர்னலில் ஏறியிருக்கிறது, அதனால் கோப்பு இருக்கிறது. மற்ற ஆயிரக்கணக்கான கோப்புகளுக்குள் அழைப்பு செருகப்பட்டதா என்பது தனிக் கேள்வி. வாசலில் பால்காரர் கணக்கு நோட்டு தொங்குகிறது என்பதற்காகப் பால் வருகிறது என்று அர்த்தமாகிவிடாது.

கெர்னல் ஆவணத்திலேயே கேகவ்வுக்கு ஒரு குட்டிச் சோதனை நிரல் இருக்கிறது. கேகவ் கோப்பைத் திறந்து, நினைவகத்தில் மேப் செய்து, கவரேஜை இயக்கி, வேண்டுமென்றே ஒரு தப்பான ரீட் அழைப்பை விடும். கோப்பு எண் மைனஸ் ஒன்று. பிறகு வரிசையின் முதல் இடத்தில் எத்தனை முகவரி பதிவாகியிருக்கிறது என்று பார்க்கும். கியூஎம்யூ என்ற மெய்நிகர் கணினியில் கெர்னலை ஏற்றி ஓட்டினோம். முதல் இடத்தில் 0. அதே கான்ஃபிக்கை ஜிசிசி என்ற இன்னொரு கம்பைலரில் கட்டி ஓட்டியபோது முகவரிகள் வரிசையாகக் கொட்டின. அந்தச் சுழியத்தைப் பார்த்ததும் தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. பாவம், தப்பு அவன்மேல் இல்லை. அந்த நிலையில் சிஸ்காலரை ஓடவிட்டிருந்தால் ஒரு வாரம் மின்சாரத்தைக் குடித்துவிட்டு 'பிழை எதுவும் இல்லை' என்று அறிக்கை கொடுத்திருப்போம். வாடிக்கையாளரும் கையெழுத்துப் போட்டிருப்பார்.

இன்னும் அருகில் போய்ப் பார்த்தோம். முழு கெர்னலைக் கட்ட வேண்டியதில்லை. ரீட், ரைட் அழைப்புகள் இருக்கும் கோப்பின் ஆப்ஜெக்டை (கம்பைல் ஆன வடிவத்தை) மட்டும் பெயர் சொல்லி மேக் கட்டளை கொடுத்தால் போதும், சில நொடிகளில் முடிந்துவிடும். வி=1 சேர்த்தால் கம்பைலருக்குப் போகும் முழுக் கட்டளையும் திரையில் வரும். கவரேஜ் ஃப்ளாக் கட்டளையில் இருக்கிறது. கிடைத்த ஆப்ஜெக்டை, உள்ளே இருக்கும் பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கருவியால் பார்த்தால் கேசானின் அழைப்புகள் இருக்கின்றன, யூபிசானின் அழைப்புகள் இருக்கின்றன, கவரேஜின் அழைப்பு ஒன்றுகூட இல்லை. ஃப்ளாக் உள்ளே போனது, கோட் வெளியே வரவில்லை.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றினோம். யூபிசானை எடுத்துவிட்டு கேசான், கேகவ் மட்டும்: கவரேஜ் அழைப்பு வருகிறது. கேசானை எடுத்துவிட்டு யூபிசான், கேகவ்: வரவில்லை. யூபிசானுக்குள்ளும் ஏழெட்டு ஃப்ளாக்குகள் இருக்கின்றன. ஷிஃப்ட், பூலியன், ஈனம் என்று ஒன்றொன்றாகக் கையால் நீக்கிப் பார்த்தோம். அரே எல்லையைப் பார்க்கும் 'பவுண்ட்ஸ்' என்ற ஒன்றை நீக்கியதும் கவரேஜ் திரும்பி வந்தது. குற்றவாளி அதுதான். இதற்கெல்லாம் சேர்த்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முந்தின நாள் முழுக்க முழு கெர்னலைத் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்ததை நினைத்துத் தம்பி தலையில் கைவைத்துக்கொண்டான். கீழே போய் ஒரு பை-டூ காபி சொன்னோம்.

காபியோடு அவன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "கான்ஃபிக் எப்படிக்கா விட்டுச்சு? கம்பைலரால முடியாதுன்னா கேகவ் ஆப்ஷனே வந்திருக்கக் கூடாதுல்லா?"

கான்ஃபிக் கம்பைலரைக் கேட்கத்தான் செய்கிறது. வெற்று சி கோப்பு ஒன்றைக் கொடுத்து, 'இந்த ஃப்ளாக் உனக்குத் தெரியுமா?' என்று சோதிக்கிறது. ஆனால் தனித்தனியாகக் கேட்கிறது. கருவாடு சாப்பிடுவீர்களா என்று கேட்டால் சாப்பிடுவேன் என்கிறீர்கள். தயிர் சாப்பிடுவீர்களா என்றால் அதற்கும் சரி. ரொம்ப நல்லது என்று இரண்டையும் ஒரே இலையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கள் வீட்டில் பாட்டி இருந்திருந்தால் இலையைத் தூக்கி எறிந்திருப்பாள். கிளாங் 10 அவ்வளவு கோபக்காரர் இல்லை. ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு மற்றதை ஓரமாக ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுகிறது. ஒதுக்கியதைச் சொல்லவும் செய்தது, அந்த வார்னிங்கில். அந்த வாயைத்தான் நாம் பொத்தினோம்.

கிளாங்குக்குள் நடப்பது இதுதான். கட்டளை வரியைப் படித்துப் பிரிக்கும் பகுதிக்கு அங்கேயும் டிரைவர் என்றுதான் பெயர். எங்கள் மீட்டர் டிரைவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், நாங்கள் அன்றைக்கு நாலு தடவை குழம்பினோம். அதில் ஒரு பட்டியல் இருக்கிறது: கவரேஜோடு சேர்ந்து வாழக்கூடிய சானிடைசர்கள், அதாவது கேசான், யூபிசான் மாதிரி பிழை பிடிக்கும் கருவிகள். கேட்டிருக்கும் சானிடைசர்களில் ஒன்றாவது பட்டியலுக்கு வெளியே இருந்தால் கவரேஜ் ஃப்ளாக்கை அது தொடவே தொடாது. பவுண்ட்ஸ் அந்தப் பட்டியலில் முழுமையாக இல்லை. திரெட் சானிடைசரும் இல்லை. பெரிய தொழில்நுட்ப முட்டுக்கட்டை எதுவுமில்லை, ஜிசிசி இரண்டையும் சேர்த்தே செய்துகொண்டிருந்தது. 2020 மே மாதம் மார்கோ எல்வர் என்ற நிரலாளர் அந்த இரண்டையும் பட்டியலில் சேர்த்தார். கிளாங் 11-இலிருந்து பிரச்சினை இல்லை. அதே சமயத்தில் கெர்னல் பக்கம் ஆர்ண்ட் பெர்க்மன் ஒரு பேட்ச் (கோட் திருத்தம்) போட்டார். பழைய கிளாங்காக இருந்தால் கேகவ்வோடு யூபிசானையோ, திரெட் சானிடைசரை வைத்து ஓடும் கேசிசானையோ சேர்க்கவே விடாதபடி கான்ஃபிக்கிலேயே ஒரு தடுப்பு. தனித்தனியாகக் கேட்பதற்குப் பதிலாக, இரண்டு ஃப்ளாக்கையும் ஒன்றாகக் கொடுத்து, பயன்படாத ஃப்ளாக்கை எரராக்கி, ஒரே கேள்வியாகக் கேட்கும். எங்கள் 5.4-இல் அது இல்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதையும் அதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். சில சானிடைசர்களுக்குள் நிஜமாகவே ஒத்துப்போகாது. 5.8-இல் வந்த கேசிசான், இரண்டு செயலிகள் ஒரே மாறியில் போட்டிபோடுவதைப் பிடிப்பது. கேசான் இருக்கும் கெர்னலில் அது ஏறாது. 6.1-இல் வந்த கேஎம்சான், மதிப்பிடாத நினைவகத்தைப் படிப்பதைப் பிடிப்பது. அது இரண்டோடும் சேராது. நினைவகத்தை ஒவ்வொரு முறை தொடும் இடத்திலும் தன் அழைப்புதான் இருக்க வேண்டும் என்று மூன்றும் அடம்பிடிக்கும். அதற்கு வழி, ஒன்றுக்கு ஒரு கெர்னல் என்று தனித்தனியாகக் கட்டுவதுதான். எங்கள் சிக்கல் அந்த ரகம் இல்லை. வெறும் பட்டியல் தகராறு.

மேலாளர் நடுவில் எட்டிப் பார்த்து, ஒரு வார்னிங்குக்கா இரண்டு நாள் என்றார். சுழியத்தைக் காட்டினேன். பேசாமல் போய்விட்டார். நல்ல மனிதர்.

மருந்து மூன்று விதமாக இருந்தது. ஃபஸ் பில்டை ஜிசிசிக்கு மாற்றிவிடலாம், ஆனால் பெட்டியில் போகும் கெர்னல் கிளாங்கில் கட்டியது. சோதிப்பது ஒன்று, விற்பது ஒன்று என்று ஆகிவிடும். யூபிசானை விட்டுவிடலாம், அது எனக்கு மனசில்லை. மிச்சமிருந்தது கன்டெய்னரை மாற்றுவது. டெபியன் 11-இல் கிளாங் 11 இருக்கிறது. மாற்றினோம், தம்பியின் வரியை எடுத்தோம், ஆர்ண்டின் தடுப்பை 5.4-க்குக் கையால் ஒட்டினோம். யூபிசானின் கான்ஃபிக் எங்கள் மரத்தில் வேறு அமைப்பில் இருந்ததால் பேட்ச் நேராக ஒட்டவில்லை, நாலு வரியை இடம் மாற்ற வேண்டியிருந்தது. தடுப்பு வேலை செய்கிறதா என்று பார்க்கப் பழைய கன்டெய்னரில் ஒருமுறை கான்ஃபிக்கை ஓட்டினோம். யூபிசான் தானாக அணைந்தது. புதியதில் இரண்டும் இருந்தன. சோதனை நிரல் ஓடியது. முதல் இடத்தில் சுழியம் இல்லை.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு சிஸ்காலரை ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். வீடு அல்சூரில், பக்கம்தான். அன்றைக்கு மழை வேறு, அந்தப் பக்கத்துக்கே முக்கால் மணி நேரம். இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டே லேப்டாப்பில் எட்டிப் பார்த்தேன். கவரேஜ் எண் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாவது ஈடு வெந்து இறங்குவதற்குள் முதல் கிராஷ் வந்துவிட்டது.

வந்தது விசித்திரமான கிராஷ். யூபிசான் பிடித்திருந்தால் எந்தக் கோப்பு, எந்த வரி, எந்த எண் எல்லை தாண்டியது என்று அழகாக எழுதியிருக்கும். கேசான் பிடித்திருந்தால் ஒரு பக்கம் முழுக்க அறிக்கை வந்திருக்கும். இரண்டும் இல்லை. 'இன்வேலிட் ஆப்கோட்' என்று ஒற்றை வரி, அதன் கீழ் எங்கள் மீட்டர் டிரைவரின் ஐயோகண்ட்ரோல் (பயனர் நிரல் அனுப்பும் கட்டளைகளை வாங்கும்) செயற்கூற்றின் பெயர். கெர்னல் தப்பான கட்டளையை ஓட்டி விழுந்திருக்கிறது. கிராஷ் ஆன இடத்து எந்திரக் கட்டளையைப் பிரித்துப் பார்த்தால் யூடி2. 'இங்கே வந்தால் செத்துப்போ' என்று கம்பைலர் வேண்டுமென்றே வைக்கும் கட்டளை. வரி எண்ணைத் தேடினால் செயற்கூற்றின் கடைசிப் பக்கம் எங்கோ காட்டியது, உபயோகமில்லை.

இட்லி ஆறிப்போனது. அம்மா, "அதுக்குள்ளயே குடித்தனம் பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யூடி2 எங்கிருந்து வந்தது? மறுபடியும் பவுண்ட்ஸ்தான். கிளாங்கில் பவுண்ட்ஸ் என்பது ஒரு ஃப்ளாக் இல்லை, இரண்டு ஃப்ளாக்குகளின் கட்டு: அரே-பவுண்ட்ஸ், லோக்கல்-பவுண்ட்ஸ். முதலாவது, அரேயைச் சதுர அடைப்புக்குள் எண் போட்டு அணுகும் இடங்களைப் பார்க்கும். தப்பு என்றால் யூபிசானின் அறிக்கைச் செயற்கூற்றைக் கூப்பிடும். இரண்டாவது இன்னும் ஆழத்தில், பாயிண்டர் (நினைவக முகவரி) வழியாகப் போகும் அணுகலையும் பார்க்கும், ஆனால் அதற்கு அறிக்கை எழுதத் தெரியாது. நேராக யூடி2. பேச்சே கிடையாது, கத்திதான். இது கெர்னல்காரர்களுக்கும் தொல்லையாக இருந்து, 5.11-இல் லோக்கல்-பவுண்ட்ஸைத் தனி ஆப்ஷனாகப் பிரித்துவிட்டார்கள். 5.4-இல் இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

உடனே செய்யத் தோன்றுவது, கட்டைப் பிரித்து அரே-பவுண்ட்ஸை மட்டும் வைத்துக்கொள்வது. ஒரே வரி மாற்றம், கிராஷ் நின்றுவிடும். கை விசைப்பலகைக்குப் போய்விட்டது. புதன்கிழமை காலையில் தம்பி சேர்த்த வரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று தோன்றியதும் லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்தேன்.

அடுத்த கேள்வி, கேசான் ஏன் வாய் திறக்கவில்லை என்பது. ஸ்டாக்கில், அதாவது செயற்கூறு ஓடும்போது மட்டும் பிடித்துக்கொள்ளும் தற்காலிக நினைவகத்தில், இருக்கும் மாறிகளைக் கேசான் காவல் காக்கும், ஆனால் கிளாங்கில் அந்த ஸ்டாக் காவல் அணைந்தே இருக்கும். கிளாங் அதைச் செய்யும்போது ஸ்டாக் அளவு தாறுமாறாகப் பெருகுகிறது என்பதால் கெர்னலே அணைத்துவைத்திருக்கிறது. ஜிசிசியில் இயல்பாகவே இயங்கும். ஆகவே வெள்ளிக்கிழமை காலை, கிராஷ் உண்டாக்கிய அதே சிஸ்டம் கால் வரிசையை ஜிசிசியில் கட்டிய கேசான் கெர்னலில் ஓட்டினோம். நடுவே ஒரு செயற்கூறு 2048 பைட் ஃப்ரேம் (ஸ்டாக்கில் ஒரு செயற்கூற்றின் பங்கு) எல்லையைத் தாண்டியதாக வார்னிங் வந்தது. எல்லையை உயர்த்தாமல், அதிலிருந்த பெரிய ஸ்ட்ரக்சரை, ஸ்டாக்குக்கு வெளியே நினைவகம் கொடுக்கும் கேமேலாக்குக்கு நகர்த்தினோம். பத்து நிமிட வேலை.

அறிக்கை வந்தது. 'ஸ்டாக்-அவுட்-ஆஃப்-பவுண்ட்ஸ்', ஒரு பைட் எழுதும்போது. இந்த ஃப்ரேமில் ஒரே ஒரு பொருள், 32-இலிருந்து 48 வரை, பெயர் பஃப். அதாவது 16 பைட். அதற்குக் கீழே நிழல் பைட்டுகளின் வரிசை: நாலு எஃப்1, இரண்டு சுழியம், இரண்டு எஃப்3. எஃப்1 என்பது இடது வேலி, எஃப்3 வலது வேலி, நடுவில் இரண்டு சுழியம்தான் நம்முடைய பதினாறு பைட் நிலம். முதல் எஃப்3-க்கு நேர் கீழே ஒரு அம்புக்குறி. வலது வேலியில் கால் வைத்திருக்கிறோம்.

டிரைவரைத் திறந்தேன். மீட்டரின் பெயரை ஒரு பாயிண்டரால் பஃப்பில் எழுதும் சுற்று. எண்ணிக்கை பயனரிடமிருந்து வருகிறது, 16-ஐத் தாண்டக்கூடாது என்ற சோதனையும் மேலே இருக்கிறது. ஆனால் சுற்று 'குறைவு' என்பதற்குப் பதிலாக 'குறைவு அல்லது சமம்' வரை ஓடுகிறது. பதினாறு கொடுத்தால் பதினேழு எழுதும். நிஜ மீட்டர் எதுவும் பதினாறு எழுத்தில் பெயர் வைக்காததால் இத்தனை நாள் தப்பித்திருக்கிறோம். எழுதியது யார் என்று, மாற்றங்களின் வரலாறு இருக்கும் கிட்டில் பார்த்தேன். நான்தான். தம்பி திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "காபி வாங்கிட்டு வரேன்க்கா" என்று எழுந்து போய்விட்டான். மரியாதை தெரிந்த பிள்ளை.

பாயிண்டர் வழியாக எழுதியதால் அரே-பவுண்ட்ஸ் இதைப் பார்த்திருக்காது. வியாழன் இரவு அந்தக் கட்டைப் பிரித்திருந்தால் இந்தப் பிழை உள்ளேயே உட்கார்ந்திருக்கும். அதைச் சரிசெய்த பிறகுதான் கட்டைப் பிரித்தோம், அதுவும் இரண்டு பில்டாக: அறிக்கை வேண்டும் என்கிற கிளாங் பில்டில் அரே-பவுண்ட்ஸ் மட்டும், ஸ்டாக் காவலுக்கு ஜிசிசி கேசான் பில்ட் தனியாக, இரண்டிலும் கேகவ். சிஸ்காலர் இரண்டிலும் மாற்றி மாற்றி ஓடுகிறது.

ஒரு வார்னிங் மிச்சமிருந்தது, இது கம்பைல் ஆன கோட்டைச் சரிபார்க்கும் ஆப்ஜ்டூலிடமிருந்து. எங்கள் ஐயோகண்ட்ரோலுக்குள், யூஅக்சஸ் (பயனர் நினைவகத்தைத் தொடும் அனுமதி) திறந்திருக்கும்போது யூபிசானின் ஷிஃப்ட் அறிக்கைச் செயற்கூற்றுக்கு அழைப்பு போகிறது என்றது. பயனர் நினைவகத்தைத் தொடுவதற்காகச் செயலியின் பூட்டைக் கொஞ்ச நேரம் திறந்து மூடுகிறோம். ஸ்டாக் என்ற கட்டளை திறக்கும், கிளாக் மூடும். இந்த ஸ்டாக் வேறு, மேலே சொன்ன ஸ்டாக் வேறு. பூட்டு திறந்திருக்கும் அந்த இடைவெளியில் தனக்குத் தெரியாத எந்தச் செயற்கூற்றையும் கூப்பிடக் கூடாது என்பது ஆப்ஜ்டூலின் சட்டம். அதனிடம் அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. யூபிசானின் வகைப் பொருத்த அறிக்கை 5.4 பட்டியலில் உண்டு, ஷிஃப்ட் அறிக்கை இல்லை. பின்னால் வந்த கெர்னல்களில் சேர்த்திருக்கிறார்கள்.

தம்பி பட்டியலில் பெயரைச் சேர்க்கத் தயாராகிவிட்டான். இன்னொரு பட்டியல், இன்னொரு வரி. அதைச் செய்தாலும் தப்பில்லை, அசல் கெர்னல்காரர்கள் செய்ததுதானே. ஆனால் கோட்டைத் திறந்து பார்க்கச் சொன்னேன். பூட்டைத் திறந்துவிட்டு, பயனருக்கு எழுதும் அந்த அழைப்புக்குள்ளேயே ஷிஃப்ட் செய்து, கிடைத்த மதிப்பை எழுதியிருந்தோம். ஷிஃப்ட்டைப் பூட்டு திறப்பதற்கு முன்னாலேயே ஒரு மாறியில் போட்டுவைத்தால் போதும். ஒரு வரி மேலே ஏறியது. ஆப்ஜ்டூல் அடங்கியது. யூபிசானின் சோதனையும் அப்படியே இருக்கிறது, பூட்டுக்கு வெளியே.

சாயங்காலம் தம்பி கமிட்டுகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தான். புதன்கிழமை அவன் சேர்த்த வரியை நீக்கும் கமிட்டுக்கு என்ன எழுதுவது என்று கேட்டான். காரணம் எழுது, ஏன் இந்த மரத்தில் அது இருக்கக் கூடாது என்று எழுது, அந்தச் சுழியத்தையும் எழுது என்றேன். பதினோரு வரி எழுதினான். அப்புறம், பயன்படாத ஃப்ளாக்கை எரராக்கிய அந்தப் பழைய கமிட்டின் எண்ணையும் தேடி எடுத்து அதில் சேர்த்தான். அதை நான் சொல்லவில்லை.